ஓர் அழுத்தலுக்கு ஒரு குண்டு

விசையை லெனோரா ஒரு முறைதான் அழுத்தினாள். சத்தம் இரண்டு கேட்டது.

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவள் வேகமாகச் சுடுகிறாள் என்றுதான் பட்டிருக்கும். ஓக் மர நிழலில் மடக்கு நாற்காலி போட்டு, முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்த எமில் பிரேமருக்கு அப்படிப் படவில்லை. மனிதக் கை எவ்வளவு விரைந்தாலும் இரண்டு சூட்டுக்கு நடுவில் ஒரு மூச்சு இருக்கும். இதில் அது இல்லை. துணி கிழிகிற மாதிரி இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. முதல் குண்டு இரும்புத் தகட்டில் பட்டு 'ணங்' என்றது. இரண்டாவது தகட்டைத் தாண்டி, மண்மேட்டின் உச்சியில் அடுக்கியிருந்த மரக்கட்டைகளில் மேல்மரத்தின் பட்டையைப் பெயர்த்தது.

"நிறுத்து!" என்று கத்தினார் கிளீட்டஸ் ஹோகன். போட்டியை நடத்துகிறவர் அவர்தான். மைதானமும் அவருடைய நிலம். "விரலை வெளிய எடு. மேகசினைக் கழட்டு. உள்ள காலியான்னு காட்டு."

லெனோரா சொன்னபடி குண்டு அடுக்கிய மேகசினைக் கழற்றி, உள்ளே காட்டினாள்.  முகம் வெளுத்திருந்தது. ஹோகன் குனிந்து பார்த்தார். காலி என்பதற்கு அடையாளமான ஆரஞ்சுப் பட்டையைக் குண்டறையில் செருகி, ரைஃபிளைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"வேணும்னே ரெண்டு தடவை அழுத்தினியாம்மா?"

"இல்ல, மிஸ்டர் ஹோகன். ஒரு தடவைதான்."

"அப்ப இன்னிக்கு உன் போட்டி முடிஞ்சுது. போய் உக்காரு." பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "ஒரு அழுத்தலுக்கு ரெண்டு குண்டு! இன்னும் ஒரு சாண் மேல போயிருந்தா என் ஆட்டுப் பட்டிக்குள்ள விழுந்திருக்கும். யார் வீட்டுத் துப்பாக்கின்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியதில்லைதான். ரைஃபிளின் இடப்பக்கத்தில் நகத்தளவு ஓக் இலை ஒன்று பதிந்திருக்கும். டெக்சஸின் அந்த மலைப்பகுதியில், சுண்ணாம்புப் பாறைக்கும் சீடர் மரப் புதருக்கும் நடுவில் துப்பாக்கி தூக்குகிற எவருக்கும் அந்த இலை யாருடையது என்று தெரியும். எமிலின் தாத்தா பதித்தது. அப்பா பதித்தார். இப்போது எமில் பதிக்கிறார். மூன்று தலைமுறையில் அந்த இலை உள்ள துப்பாக்கியை எந்த மைதானத்திலும் யாரும் பைக்குள் வைத்து மூடச் சொன்னதில்லை.

சாஸேஜ் அடுப்புப் பக்கமிருந்து ஒருவன் சிரித்தான். "ஆர்னோ, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா? முன்னாடியே சொல்லியிருந்தா நானும் உங்க கடைக்கே வந்திருப்பேனே!"

அடுப்பருகே நின்ற ஆர்னோ எமிலின் தம்பி, லெனோராவின் அப்பா. எப்போதும் பதில் கையில் வைத்திருக்கிற மனிதர். இன்று இடுக்கியை வைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

எமில் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவசரப்படாமல் நடந்தார். ஆனால் அவர் வருகிற பாதையில் நின்றவர்கள் விலகினார்கள்.

"கிளீட்டஸ்."

"எமில்."

"என் கடையில இருந்து போன துப்பாக்கி அப்படிச் சுடாது."

"சுட்டுதே. ஊரே பார்த்துது."

"ஊர் பார்த்தது சத்தத்தை. துப்பாக்கியைப் பார்க்கல."

ஹோகன் தாடையைச் சொறிந்துகொண்டார். கம்பெனித் துப்பாக்கியைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர். இலை குத்தி வைப்பதால் இரும்புக்குக் கொம்பு முளைக்காது என்று பல விருந்துகளில் சொல்லியிருக்கிறார். "பாரு எமில், எனக்கு உன்மேல ஒண்ணும் இல்ல. ஆனா இங்க அடிபட்டா கேஸ் என் பேர்ல வரும். உன் இலை உள்ள துப்பாக்கி இன்னிக்கு இங்க எத்தனை இருக்கு? ஆறா, ஏழா? எல்லாத்தையும் உள்ள வைக்கச் சொல்லிடுவேன். இன்னிக்கு மட்டுமில்ல."

எமிலின் காது மடல் சிவந்தது. அவர் நாற்பது ஆண்டுகளாகச் செய்கிற வேலையை அந்த மனிதர் ஒரே பேச்சில் குப்பைக்கூடைக்குள் போட்டுவிட்டார்.

அந்த வேலை இதுதான். அவர்கள் கட்டுகிற ரைஃபிள்கள் கைத்துப்பாக்கிக் குண்டைச் சுடுகிறவை. பெரிய ரைஃபிளில் குண்டுக்குப் பின்னால் நிற்கிற இரும்புக் கட்டை, போல்ட் என்பார்கள், சுடும்போது பூட்டிக்கொண்டு நிற்கும். இதில் பூட்டு கிடையாது. கட்டையின் எடையும் ஒரு சுருள்வில்லும்தான் தடுப்பு. அதனால் சுட்டதும் போல்ட் முரட்டுக் காளை மாதிரி பின்னால் பாயும். பாய்கிற வழியில், குண்டைத் தட்டுகிற சுத்தியைத் தன் வயிற்றால் அமுக்கிக் கீழே தள்ளும். தள்ளப்பட்ட சுத்தியை விசையின் கொக்கி பிடித்து நிறுத்த வேண்டும். அடுத்த முறை விரல் அழுத்தினால்தான் விட வேண்டும். போல்ட்டின் வயிற்றுச் சரிவும் சுத்தியின் உயரமும் ஒன்றுக்கொன்று இசைந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இசையாவிட்டால் கொக்கி ஒரு சமயம் பிடிக்கும், ஒரு சமயம் விடும். விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் மேல்மரம் சொல்லிக்கொண்டிருந்தது.

கடையில் வாங்கி வைத்தால் போதும் என்று எல்லாரும் நினைக்கிற அந்த இரண்டையும், போல்ட்டையும் சுத்தியும் கொக்கியும் அடங்கிய விசையையும், எமில் ஜோடி சேர்த்தே கொடுப்பார். போல்ட்டின் வயிற்றில் நீல மை தடவி, கையால் இழுத்து விட்டு, சுத்தி எங்கே தேய்க்கிறது என்று பார்ப்பார். பிடிக்காவிட்டால் வேறு போல்ட். அதுவும் இல்லையென்றால் வேறு விசை. சேர்ந்துவிட்டால் இரண்டின் அடியிலும் ஒரே எண்ணிக்கையில் புள்ளி குத்துவார். அதன் பிறகு அந்த ஜோடியைப் பிரிக்கக் கூடாது. பிரேமர் வீட்டில் அது விதி.

விதி என்றால் வாய்ப்பேச்சு இல்லை. கடைசித் தம்பி ஃபிரிட்ஸ் ஒரு முறை, வாடிக்கையாளர் அவசரப்படுத்தினார் என்று அலமாரியில் இருந்த வேறொரு போல்ட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டான். அடிபடவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. எமிலுக்குத் தெரிந்தது. அன்று மாலையே கடைச் சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். "இந்தக் கடைக்குள்ள இனி உன் கால் படக் கூடாது." படவில்லை. 'பிரேமர் சகோதரர்கள்' என்ற பலகை மட்டும் மாறாமல் தொங்குகிறது. இடையில் அம்மாவின் இறுதிச் சடங்கு நடந்தது. ஃபிரிட்ஸ் தேவாலயத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, அண்ணன் திரும்பிப் பார்ப்பதற்குள் எழுந்து போய்விட்டான்.

"நானே சுடறேன்" என்றார் எமில்.

"என்னது?"

"அந்த ரைஃபிளை எடு. மேகசின்ல ரெண்டே குண்டு. எல்லாரும் பார்க்கட்டும். ஒரு அழுத்தலுக்கு ஒண்ணுதான் போகும். அப்ப பொண்ணு பதட்டத்துல ரெண்டு தடவை அழுத்தினான்னு நீயே வாயால சொல்லணும்."

"ரெண்டு போச்சுன்னா?"

"போகாது."

"போச்சுன்னா, எமில்?"

"எங்க இலை உள்ள ஒரு துப்பாக்கியும் இனி உன் வாசலுக்கு வராது. நானே வர விட மாட்டேன்."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். தபால்காரர் ஒருவர், கையில் பிரேமர் ரைஃபிள் வைத்திருக்கிறவர், "யோவ் பெரியவரே, நாங்க எங்க போய்ச் சுடுறது?" என்று முனகினார்.

லெனோரா ஓடிவந்தாள். "பெரியப்பா, ஒரு நிமிஷம். தனியா வாங்க."

"வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல இல்ல பெரியப்பா, இப்பவே. நீங்க சுடுறதுக்கு முன்னாடி."

"லெனோரா." அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாததுதான் பயம். "வெளியாள் முன்னாடி நம்ம வீட்டுப் பேச்சு பேசுறது இல்ல. தள்ளி நில்லு."

அவள் தள்ளி நின்றாள். சற்றுத் தூரத்தில் வெல்டன், அவளுக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற பையன், அடுத்துச் சுடப்போகிற அணியோடு நின்றுகொண்டிருந்தான். தோளில் அவனுடைய ரைஃபிள் பை. அதிலும் ஓக் இலைதான். பிரேமர் வீட்டில் பெண் எடுத்தாலும் கொடுத்தாலும் நிச்சயத்துக்கு மறுநாள் இரண்டு ரைஃபிள் தயாராகும். ஒன்று மகளுக்கு, ஒன்று மருமகனுக்கு. சென்ற மாதம் எமில் தன் கையாலேயே கட்டியவை அவை. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே அப்படி இல்லை. லெனோரா போட்டிக்காரி. இலேசான, சட்டென்று விடுகிற விசை கேட்டாள். வெல்டன் மான் வேட்டைக்குப் போகிறவன். கனமான பழைய பாணி விசை கேட்டான். விசைக்குத் தகுந்தபடி போல்ட்டும் வேறு.

அவற்றைக் கட்டியபோது ஒரு சின்னத் தகராறு நடந்தது. போல்ட்டின் பக்கவாட்டில், குண்டின் வெற்று ஓடு வெளியேறுகிற ஜன்னல் வழியாகத் தெரிகிற இடத்தில், பெயர் வெட்டுவது வழக்கம். "பெரியப்பா, என்னோடதுல அவர் பேர், அவரோடதுல என் பேர் வெட்டிக் குடுங்களேன். மோதிரம் மாத்துற மாதிரி" என்று லெனோரா கேட்டாள். "துப்பாக்கியில துப்பாக்கிக்காரன் பேர்தான் இருக்கும்" என்றார் எமில். அத்தோடு பேச்சு முடிந்தது. லெனோரா பெயர் லெனோராவுடையதில், வெல்டன் பெயர் வெல்டனுடையதில்.

ஹோகன் ஜிப்பைத் திறந்து, குழாய் மண்மேட்டைப் பார்க்கும்படி ரைஃபிளைக் கொடுத்தார். இரண்டு குண்டு போட்ட மேகசினை எமிலின் இடக்கையில் வைத்தார். காதுகளை மூடுகிற கவசத்தை எமில் மாட்டிக்கொண்டதும் உலகம் தூரமாகப் போய்விட்டது. தன் மூச்சு மட்டும் கேட்டது.

சுடும் கோட்டில் நின்றார். தகடு வெயிலில் பளபளத்தது. அதற்கு மேல் மண்மேடு. மண்மேட்டின் உச்சியில் பட்டை பெயர்ந்த மரம். அதற்கப்பால் ஹோகனின் ஆடுகள் எதுவும் அறியாமல் மேய்ந்துகொண்டிருந்தன.

ஆரஞ்சுப் பட்டையை எடுப்பதற்காகப் போல்ட்டின் பிடியைப் பின்னால் இழுத்தார். போல்ட் நகர்ந்தது. ஜன்னலில் எழுத்துகள் வந்தன.

வெல்டன்.

அவர் வெட்டிய எழுத்துதான். கடைசி எழுத்தின் வாலை அவர் எப்போதும் கொஞ்சம் நீட்டுவார்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்க்கத் தேவையே இல்லை. ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. கனமான விசைக்காகச் சரிவு வைத்த போல்ட், இலேசான விசையின் மேல் ஓடியிருக்கிறது. மேசையில் இரண்டையும் கழற்றிப் போட்டு, ஒருவர் பெயரை ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மோதிரம் மாற்றுகிற மாதிரி. பத்துப் பதினைந்து குண்டு சுட்டும் பார்த்திருப்பார்கள். ஒன்றும் ஆகியிருக்காது. கொக்கி பிடித்துக்கொண்டே இருந்திருக்கும், பிடிக்காமல் போகிற நேரம் வரும்வரை.

மேகசின் இன்னும் இடக்கையில் இருந்தது.

"என்ன எமில், கை வலிக்குதா?" ஹோகனின் குரல் கவசத்துக்கு வெளியே எங்கோ கேட்டது. சிலர் சிரித்தார்கள்.

எமில் குழாயை மண்மேட்டிலிருந்து விலக்காமல் தலையை மட்டும் திருப்பி லெனோராவைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் இப்போது விளங்கிவிட்டது. ஜன்னல் திறந்ததைப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் ஆர்னோ, இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார்.

இந்த இடத்தில் எமிலுக்கு வழி இருந்தது. நேரான, சுத்தமான வழி. ரைஃபிளை உயர்த்திக் காட்டி, "பாருங்க, இது யார் பேர்? யார் போல்ட்? நான் கட்டினதை இவங்க கலைச்சுட்டாங்க" என்று சொன்னால் போதும். இலையின் மேல் ஒரு தூசி விழாது. ஹோகன் வாயடைத்துப் போவார். கடை கடையாகவே இருக்கும்.

பெண் மட்டும் அங்கேயே நிற்பாள். இருபது முப்பது பேர் நடுவில், ஆடு மேய்கிற திசையில் குண்டு அனுப்பிய முட்டாளாக. திங்கட்கிழமை சாவியை மேசையில் வைப்பாள். அதுவும் விதிதான். ஃபிரிட்ஸ் வைத்தானே.

ஃபிரிட்ஸ் விஷயத்தில் கூட்டம் இல்லை, ஹோகன் இல்லை. வீட்டுக்குள் நடந்தது, வீட்டுக்குள் முடிந்தது. வீட்டுத் தவறை வீட்டுப் பிள்ளையின் தலையில் வைத்து ஊருக்குக் காட்டுவது எமிலுக்குத் தெரிந்த கௌரவத்தில் எங்கேயும் இல்லை. அப்பாவும் செய்ததில்லை. ஊருக்கு முன்னால் பிரேமர் என்றால் ஒரே ஆள். கட்டியவன் வேறு, கலைத்தவள் வேறு என்று பிரித்துச் சொல்கிற நாக்கு அவருக்கு இல்லை.

ஆனால் பேசாமல் இருக்கவும் முடியாது. வெல்டனின் தோளிலும் ஜோடி கலைந்த ரைஃபிள் ஒன்று தொங்குகிறது. அடுத்த அணி அவனுடையது.

அவர் மேகசினை முன்னால் இருந்த பெஞ்சில் வைத்தார். ஆரஞ்சுப் பட்டையைத் திரும்பச் செருகினார். ரைஃபிளைப் பெஞ்சின் மேல் குழாய் முன்னால் இருக்கும்படி வைத்துவிட்டு, கவசத்தைக் கழற்றிக்கொண்டு திரும்பினார்.

"நான் சுடல."

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

"ஹோகன் சொன்னது சரி" என்றார் எமில். எல்லாருக்கும் கேட்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக. "இந்தத் துப்பாக்கி ஒரு அழுத்தலுக்கு ரெண்டு சுடும். இதுல விசை ஒரு ஜோடியோடது, போல்ட் இன்னொரு ஜோடியோடது. மாறிப்போச்சு."

"யார் மாத்தினது?" என்றார் ஹோகன்.

"பிரேமர் வீடு."

"வீடுன்னா யாரு? நீயா, ஆர்னோவா, பொண்ணா?"

"வீடுன்னா வீடு. கட்டினதும் நாங்க, கலைச்சதும் நாங்க. பட்டை பெயர்ந்த மரத்துக்குப் பதில் மரம் நாளைக்கு வரும். இலை உள்ள துப்பாக்கி எதுவும் நான் பார்த்து முடிக்கிறவரைக்கும் கோட்டுக்கு வராது. எல்லாரும் எடுத்துட்டு வாங்க."

வெல்டன் முன்னால் வந்தான்.  "சார், உண்மையில அது என்னோட யோச…"

"உன் ரைஃபிளைக் கொண்டு வா" என்றார் எமில். "வாயைக் கொண்டு வராத. நீ இன்னும் எங்க வீட்டுக்குள்ள வரல."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, யாரும் சேராததால் அடங்கியது. தபால்காரர்தான் முதலில் தன் பையைக் கொண்டுவந்தார். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர். முகத்தைப் பார்க்காமல் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு கிழவர் மட்டும் எமிலின் தோளைத் தொடப் பார்த்தார். எமில் நகர்ந்துகொண்டார்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேசை உண்டு. அங்கே குண்டு ஒன்றுகூட வரக் கூடாது, துப்பாக்கியைக் கழற்றலாம். எமில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அங்கே நின்றார். முதலில் இரட்டைப் பிள்ளைகளைத் திறந்தார். லெனோராவின் விசையின் அடியில் இரண்டு புள்ளி. அதன்மேல் ஓடிய போல்ட்டில் மூன்று. வெல்டனுடையதில் மாறி இருந்தது. ஹோகன் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். எமில் எதையும் மறைக்கவில்லை. நீல மை தடவி இழுத்து விட்டு, போல்ட்டைத் திருப்பிக் காட்டினார். மை பாதி இடத்தில்தான் தேய்ந்திருந்தது.

"இதுக்கு மேல சுத்தியைத் தள்ளல. அது கொக்கி நுனியில தொங்கிக்கிட்டிருக்கு."

"ஒரே கம்பெனி போல்ட்தானே ரெண்டும்?" என்றார் ஹோகன். இம்முறை குரலில் கிண்டல் இல்லை.

"ஒரே கம்பெனிதான். வயிறு நான் வெட்டினது."

மாற்றிப் போட்டார். மறுபடி மை. இழுத்து விட்டுத் திருப்பினார். இந்த முறை மை ஒரு முழுப் பட்டையாகத் தேய்ந்திருந்தது. ஹோகன் தலையை ஆட்டினார். அவரே லெனோராவின் ரைஃபிளைக் கேட்டு வாங்கினார். அவரே கோட்டுக்குப் போய், பெஞ்சில் இருந்த மேகசினை மாட்டினார். எமில் தடுக்கவில்லை.

விசை அழுத்தினார். ஒரு சத்தம். தகடு பாடியது. ஹோகன் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். மரத்தில் ஒரு காகம் இடம் மாறி உட்கார்ந்தது. மறுபடி அழுத்தினார். ஒரு சத்தம்.

"சரி" என்றார் ஹோகன் திரும்பி வந்து. "சரி. வேணும்னா பொண்ணு மறுபடி சுடட்டும். நான் கண்ணை மூடிக்கறேன்."

"வேணாம். இன்னிக்கு அவ சுட மாட்டா. உன் விதி உன் விதி." எமில் அடுத்த ரைஃபிளை எடுத்தார். "தபால்காரர் எங்க? உங்களோடது நல்லா இருக்கு. ஆனா சுத்தம் பண்ணி ஒரு வருஷம் இருக்கும் போல. வெக்கமா இல்ல?"

"நீங்க திட்டுவீங்கன்னுதான் கடைப்பக்கமே வரல" என்றார் தபால்காரர்.

ஏழு ரைஃபிளையும் பார்த்து முடித்தார். மற்ற ஐந்தும் ஜோடி பிரியாமல் இருந்தன. இருந்தாலும் இரண்டு பேர் பையைத் தூக்கிக்கொண்டு, சுடாமலேயே காருக்குப் போனார்கள். எமில் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டு பேரும் இனி வர மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எமிலின் லாரிக்குப் பின்னால், நிழலில், லெனோரா காத்திருந்தாள். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

"உங்க பிடிவாதம்னு நெனச்சுட்டேன் பெரியப்பா. ரெண்டும் பார்க்க ஒண்ணு மாதிரிதானே இருந்துது. வியாழக்கிழமை சுட்டுப் பார்த்தோம், ஒண்ணும் ஆகல. சொல்லத்தான் வந்தேன், நீங்க…"

"நான் கேக்கல. தெரியும்."

அவர் வாயிலிருந்து அந்த அளவுக்கு வந்ததே பெரிது. அவள் பாக்கெட்டிலிருந்து வளையத்தை எடுத்தாள். கடைச் சாவியை அதிலிருந்து கழற்ற நகத்தால் நெம்பினாள். வரவில்லை. பல்லால் கடித்துத் திறந்தாள். கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"ஃபிரிட்ஸ் சித்தப்பா குடுத்த மாதிரி நானும் குடுத்துடறேன். நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே."

ஆர்னோ வந்து நடுவில் நின்றார். ஏப்ரனில் சாஸேஜ் எண்ணெய், கண்ணில் வேறொன்று. "அண்ணே, அன்னிக்கு ஃபிரிட்ஸை வெளிய போகச் சொன்னப்ப நான் வாயைத் திறக்கல. அம்மா அழுதா. அப்பவும் திறக்கல. இது என் பொண்ணு. இன்னிக்குத் திறப்பேன்."

"திறக்காத" என்றார் எமில். "ஒரே தப்புக்கு நம்ம வீட்டுல ரெண்டு நியாயம் கிடையாது."

ஆர்னோவின் முகம் கல்லானது. "அப்ப அவளும் போகணும். அதானே?"

எமில் சாவியைப் பார்த்தார். தேய்ந்துபோன பித்தளைச் சாவி. அப்பா காலத்துப் பூட்டுக்கு உரியது. இதே அளவு சாவி இன்னொன்று, ஃபிரிட்ஸ் வைத்துவிட்டுப் போனது, அவருடைய மேசையின் இழுப்பறையில், கடைசி மூலையில் கிடக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை, தூக்கியும் போடவில்லை.

"உள்ள வை" என்றார் லெனோராவிடம். "திங்கக்கிழமை ரெண்டு போல்ட்டையும் கொண்டு வா. இருக்கிற பேரைத் தேச்சு எடுத்துட்டு, அவன் பேரை உன்னோடதுல வெட்டறேன், உன் பேரை அவனோடதுல. உனக்கு அதுதானே வேணும். கூலி வாங்குவேன்."

அவள் சாவியை மூடிய கையோடு அப்படியே நின்றாள்.

எமில் தொப்பியைக் கழற்றினார். நெற்றியைத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "ஆர்னோ, ஃபிரிட்ஸோட நம்பர் உன்கிட்ட இருக்கா?"

ஆர்னோ எண்ணெய்க் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "எப்பவும் இருந்துது" என்றார். எண்ணை அழுத்திக் கொடுத்தார்.

எமில் போனைக் காதில் வைத்தார். துப்பாக்கி பிடிக்கும்போது நிற்கிற அதே நிமிர்ந்த நிலை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று அவர் நினைத்தபோது எடுத்தான்.

"சொல்லு ஆர்னோ."

"எமில்."

 மைதானத்தில் யாரோ சுடத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றான் ஃபிரிட்ஸ்.

"இல்ல." எமில் மைதானத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். "திங்கக்கிழமை கடை எட்டு மணிக்குத் திறக்கும்."

அடுத்த குண்டு தகட்டில் பட்டு 'ணங்' என்றது. 

"எப்பவும் எட்டு மணிக்குத்தானே திறப்பீங்க" என்றான் ஃபிரிட்ஸ். குரல் எங்கேயோ உடைந்திருந்தது. போனை வைக்கவில்லை. எமிலும் வைக்கவில்லை.